நேற்று கிண்டலடித்தவர்களே இன்று அதையே செய்கிறார்கள், நாம் யாருக்காக மல்லுக்கு நிற்கிறோம்?

#1 பழையபேட்டரி

2016 ஆகஸ்டில் நோட் 7 வெளியீட்டு மேடையில் சாம்சங் ஆள் ஒருவர், எங்கள் ஃபோனில் இயர்ஃபோன் ஜாக் இருக்கிறது, சும்மா சொல்லி வைக்கிறேன் என்கிற மாதிரி ஒரு கடி கடித்தார். ஆப்பிள் அதை எடுத்துவிடப் போகிறது என்ற பேச்சு அதற்கு முன்பே கசிந்திருந்ததால் கூட்டம் சிரித்தது. அடுத்த மாதமே ஐஃபோன் 7-இல் ஜாக் போயிற்று. அக்டோபரில் கூகுள் தன் முதல் பிக்சல் ஃபோனைக் கொண்டுவந்தபோது, எங்களிடம் ஜாக் இன்னும் இருக்கிறது என்று விளம்பரத்தில் அதுவும் ஒரு குத்து குத்தியது. சரி, அப்புறம் என்ன ஆனது? 2017-இல் வந்த பிக்சல் 2-இல் ஜாக் இல்லை. 2019-இல் நோட் 10-இல் இல்லை. கிண்டல் விளம்பரங்களைச் சாம்சங் சத்தமில்லாமல் தன் பக்கங்களிலிருந்து எடுத்துவிட்டது.

சார்ஜரும் இதே கதைதான். ஐஃபோன் 12 பெட்டியில் சார்ஜர் இல்லை என்றதும், எங்கள் பெட்டியில் உண்டு என்று 2020 அக்டோபரில் சாம்சங் ஒரு பதிவு போட்டது. மூன்றே மாதம். 2021 ஜனவரியில் எஸ்21 வந்தது, பெட்டியில் சார்ஜர் இல்லை, பதிவும் காணாமல் போய்விட்டது.

இதை இப்போது ஏன் கிளறுகிறேன் என்றால், அந்த 2016-இல் என்னோடு வேலை பார்த்த ஒருவனோடு இந்த ஜாக்குக்காக நான் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமில்லை. மதியச் சாப்பாட்டு மேசையே இரண்டாகப் பிரிந்தது. இன்று என் கையில் இருப்பது ஜாக் இல்லாத ஃபோன், அவன் கையிலும் அதுவே. கம்பெனிகள் ஒன்றையொன்று வம்புக்கு இழுக்கும் இந்த ஆட்டத்தில் நிஜமாகவே ஏதாவது சரக்கு இருக்கிறதா, இல்லை நாம்தான் சம்பளம் வாங்காத சிப்பாய்களா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 சும்மாவந்தேன்

அந்த நோட் 7-இல் ஜாக் கடைசி வரைக்கும் இருந்தது. ஃபோன்தான் இல்லாமல் போய்விட்டது.

(தெரியாதவர்களுக்கு: பேட்டரி தீப்பிடித்ததால் அதே அக்டோபரில் உற்பத்தியையே நிறுத்தினார்கள். விமானத்தில் ஏற்றவும் தடை.)

#3 ஒற்றைக்கொம்பு

இதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. விளம்பரம் என்ன சத்தியப் பிரமாணமா? அன்றைக்கு அவர்களிடம் இருந்ததைச் சொன்னார்கள், பிறகு சந்தை மாறியது, அவர்களும் மாறினார்கள். நடிகரே கட்சி மாறிய கதை தெரியுமா? 2006 முதல் 2009 வரை ஓடிய ஆப்பிள் விளம்பரங்களில் 'நான் மேக்' என்று அலட்டிக்கொண்டு நின்ற ஜஸ்டின் லாங், பக்கத்தில் கோட்டு சூட்டோடு 'நான் பிசி' என்று திருதிருவென விழித்த ஜான் ஹாட்ஜ்மன், இரண்டு பேரும் ஞாபகம் இருக்கும். 2020 நவம்பரில் ஆப்பிள் இன்டெலை விட்டுவிட்டுச் சொந்த எம்1 சிப்புக்குப் போனது. அடுத்த வருடமே இன்டெல் அதே ஜஸ்டின் லாங்கைக் கூப்பிட்டு, பிசிதான் உசத்தி என்று சொல்ல வைத்தது. அவர் பாட்டுக்கு வந்து நடித்துவிட்டுப் போனார். அவரைப் போய் யாரும் துரோகி என்று திட்டவில்லையே. கம்பெனியை மட்டும் ஏன் மாமன் மச்சான் மாதிரி நினைத்துக் கோபித்துக்கொள்கிறீர்கள்?

#4 விளம்பரக்காரன்

பதினைந்து வருடம் இந்தத் தொழிலில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் யாரைக் கிண்டல் செய்கிறார்கள் என்று பாருங்கள். பின்னால் இருப்பவன்தான் முன்னால் போகிறவனின் பெயரை இழுப்பான். முன்னால் இருப்பவன் அடுத்தவன் பெயரையே உச்சரிக்க மாட்டான், உச்சரித்தால் அவனைத் தனக்குச் சமமாக ஏற்றிவிட்டதாக ஆகிவிடும். 1984 ஜனவரியில் சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டத்தின் நடுவே ஆப்பிள் போட்ட மேக்கின்டாஷ் விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரிட்லி ஸ்காட் இயக்கியது. சாம்பல் நிற மனிதர்கள் வரிசையாக உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பெண் ஓடி வந்து சுத்தியலை வீசித் திரையை உடைக்கிறாள். அதில் கணினி ஒரு நொடிகூட வராது. அன்றைய கணினிப் பெரியண்ணன் ஐபிஎம்மின் பெயரும் வராது. ஆனால் அந்தத் திரையில் பேசுகிற பூதம் யார் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆப்பிளின் இயக்குநர் குழுவுக்கு அந்த விளம்பரம் கொஞ்சமும் பிடிக்கவில்லை என்பது தனி வேடிக்கை. அன்றைக்கு ஆப்பிள் சின்னப் பையன், அதனால் அந்த வேடம் எடுபட்டது. இன்றைக்கு அதே விளம்பரத்தை ஆப்பிள் போட்டால் திரையில் இருப்பது யார் என்று நீங்களே கேட்பீர்கள்.

அதற்கும் முன்னால் ஒன்று உண்டு. 1981-இல் ஐபிஎம் தன் பிசியைக் கொண்டுவந்தபோது ஆப்பிள் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் முழுப்பக்கம் வாங்கி, வாருங்கள் ஐபிஎம், நிஜமாகவே வரவேற்கிறோம் என்று போட்டது. இதற்குப் பெயர்தான் கெத்து. ஆனால் அடுத்த சில வருடங்களில் சந்தையை அள்ளிக்கொண்டு போனது ஐபிஎம் பிசியும் அதைப் பார்த்துச் செய்த நகல்களும். 2016 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் என்ற அலுவலக அரட்டைச் செயலியை அறிவித்தபோது, அதே தொழிலில் முன்பே இருந்த ஸ்லாக் நிறுவனம் நியூயார்க் டைம்ஸில் அச்சு அசலாக இதே மாதிரி ஒரு வரவேற்பு மடல் போட்டது. நான்கு வருடம் கழித்து, டீம்ஸை ஆஃபீஸோடு சேர்த்துக் கட்டி விற்கிறார்கள் என்று ஐரோப்பிய ஆணையத்திடம் புகாரோடு போய் நின்றது. வரவேற்பு மடல் போடுபவர்களுக்கு உள்ளுக்குள் உதறல் இருக்கிறது என்று எங்கள் தொழிலில் பாதி விளையாட்டாகச் சொல்வோம்.

பெரிய ஆள் கிண்டலில் இறங்கினால் எப்படி அசிங்கமாகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2012 கடைசியில் மைக்ரோசாஃப்ட் கூகுளைத் தாக்கி 'ஸ்க்ரூகுள்ட்' (கூகுளிடம் ஏமாந்தாய் என்கிற மாதிரி) என்று ஓர் இயக்கமே நடத்தியது, கூகுள் உங்கள் தரவைத் திருடுகிறது என்று எழுதிய கோப்பைகளும் டீ ஷர்ட்டும் விற்றது. கூகுள் உங்கள் மெயிலைப் படித்து விளம்பரம் காட்டுகிறது என்ற புள்ளியில் உண்மை இருந்தது, ஆனால் சொன்ன வாய் தவறு. அத்தனை வருடம் எல்லாரையும் மிரட்டிக்கொண்டிருந்த மைக்ரோசாஃப்ட், ஐயோ அவன் என்னை அடிக்கிறான் என்று அழுதால் யார் இரக்கப்படுவார்கள்? 2010-இல் விண்டோஸ் ஃபோன் 7 தயாரானதும் அவர்களுடைய ஊழியர்கள் ஐஃபோனுக்கும் பிளாக்பெர்ரிக்கும் சவ ஊர்வலம் வேறு நடத்தினார்கள். பாடை வண்டியோடு. மேற்கொண்டு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

#5 சும்மாவந்தேன்

பிளாக்பெர்ரி விஷயத்தில் மட்டும் ஊர்வலம் பலித்தது, அதையும் சொல்லுங்கள் 😀

#6 சிப்பிமுத்து

விளம்பரக்காரன் அண்ணன் கிண்டலைப் பற்றி மட்டும் சொன்னார். எனக்கு எரிச்சலூட்டுவது எண் சண்டை. 2000 மார்ச் 6-ஆம் தேதி, இன்டெலின் போட்டி சிப் கம்பெனி ஏ.எம்.டி 1 கிகாஹெர்ட்ஸ் (நொடிக்கு நூறு கோடி துடிப்பு) அத்லான் சிப்பை அறிவித்தது. இரண்டே நாளில், மார்ச் 8-இல், இன்டெல் தன் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 3-ஐ அறிவித்தது. இரண்டு நாள் முந்தியதில் பயனருக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை, முதலில் வந்தவன் என்ற பட்டம்தான். பிறகு பென்டியம் 4-ஐ வைத்துக்கொண்டு இன்டெல் கிகாஹெர்ட்ஸ் எண்ணை ஏற்றிக்கொண்டே போனது, ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பது பின்னால் தள்ளப்பட்டது. எண்ணில் ஈடுகொடுக்க முடியாத ஏ.எம்.டி, தன் சிப்புகளுக்கு நிஜ வேகத்தை விட்டுவிட்டு '2000+' போன்ற ஒரு மாடல் எண்ணை ஒட்டியது. கடைசியில் சூடு தாங்காமல் 2004-இல் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தையே இன்டெல் கைவிட்டது. 3.8-ஓடு நின்றது.

இன்டெல் செய்த இன்னொரு காரியத்தை மட்டும் நான் மெச்சுகிறேன். 1991-இல் ஆரம்பித்த 'இன்டெல் இன்சைட்'. கணினிக்குள் ஒளிந்து கிடக்கிற, வாங்குகிறவன் கண்ணால் பார்க்கவே போகாத ஒரு துண்டுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தார்கள். கணினி தயாரிப்பாளர் தன் விளம்பரத்தில் அந்த முத்திரையைப் போட்டால் விளம்பரச் செலவில் ஒரு பங்கை இன்டெல் கொடுத்துவிடும். ஊரார் வண்டியில் தன் கொடி. ஆனால் அந்தக் கொடியே மூன்று வருடத்தில் திரும்பி அடித்தது. 1994-இல் பென்டியம் சிப் சில வகுத்தல் கணக்குகளைத் தப்பாகப் போடுகிறது என்பதை ஒரு கணிதப் பேராசிரியர் கண்டுபிடித்தார். சாதாரண ஆளுக்கு இது தட்டுப்படவே படாது, ஆகவே உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களுக்கு மட்டும் மாற்றித் தருவோம் என்று இன்டெல் முரண்டு பிடித்தது. தொழில்நுட்ப ரீதியில் அது சரியான வாதம்தான் என்பேன். ஆனால் உள்ளே இருப்பது இன்டெல், அதனால் நம்பி வாங்கு என்று மூன்று வருடம் வீட்டு வீடாகச் சொல்லிவிட்டு, இப்போது உனக்கு அவ்வளவு துல்லியம் எதற்கு என்று கேட்டால் எவன் ஒத்துக்கொள்வான்? கடைசியில் கேட்டவர்களுக்கெல்லாம் மாற்றிக் கொடுத்தார்கள், 47.5 கோடி டாலர் கணக்கில் எழுதினார்கள். பெயரே தெரியாத சிப்பாக இருந்திருந்தால் இது ஆய்வுக்கூடத்தைத் தாண்டியிருக்காது.

#7 நிழற்படம்

எண் சண்டை என்றதும் கேமராவைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஐஃபோனின் பிரதான கேமரா 2015 முதல் 2021 வரை 12 மெகாபிக்சல்தான். எதிர்ப்பக்கம் 108, 200 என்று ஏறிக்கொண்டே போனார்கள். ஆனால் 200 மெகாபிக்சல் ஃபோனில் நீங்கள் சாதாரணமாக ஒரு படம் எடுத்தால், பக்கத்துப் பக்கத்துப் பதினாறு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி, ஏறக்குறைய 12 மெகாபிக்சல் படத்தைத்தான் கையில் கொடுக்கும். வெளிச்சம் குறைந்த இடத்தில் அப்படிச் சேர்ப்பது நல்ல உத்தி, அதைக் குறை சொல்லவில்லை. பெட்டியில் எழுதுகிற எண்ணும் கைக்கு வருகிற படமும் வேறு என்பதை மட்டும் சொல்கிறேன்.

2012-இல் நோக்கியா லூமியா 920-க்காக ஒரு காணொளி போட்டது, ஒரு பெண் மிதிவண்டியில் போகிறாள், படம் ஆடாமல் அசையாமல் வருகிறது, இதுதான் எங்கள் ஃபோனின் திறமை என்று. பின்னணியில் இருந்த வண்டியின் ஜன்னல் கண்ணாடியில் பார்த்தால், வேனுக்குள் ஓர் ஆள் பெரிய கேமராவோடு உட்கார்ந்து படம் பிடிப்பது தெரிந்தது. நோக்கியா மன்னிப்புக் கேட்டது. இதில் எனக்கு ஆறாத விஷயம், அந்த ஃபோனின் கேமரா உண்மையிலேயே நன்றாக இருந்தது. அதை வைத்தே எடுத்துப் போட்டிருக்கலாம்.

#8 குமிழி

என் பயனர் பெயரைப் பார்த்தாலே எதைப் பற்றிப் பேசுவேன் என்று தெரிந்திருக்கும். பச்சைக் குமிழி, நீலக் குமிழி. அமெரிக்காவில் வாட்ஸப்பைவிட ஃபோனோடு வருகிற செய்திச் செயலியைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். ஐஃபோன்காரர்களுக்குள் அனுப்பினால் நீலம், ஆண்ட்ராய்டுக்குப் போனால் பச்சை, கூடவே 2024 வரை படம் மங்கியது, காணொளி நசுங்கியது. பள்ளிப் பிள்ளைகள் மத்தியில் பச்சைக் குமிழிக்காரன் என்பது கேலிப்பெயராகவே ஆகிவிட்டது. விளம்பரமே இல்லாமல், ஒரு நிறத்தை வைத்து, பிள்ளைகளையே விற்பனையாளர்களாக்கிய வேலை இது. எபிக் என்ற கேம் கம்பெனி ஆப்பிள் மேல் போட்ட வழக்கில் வெளிவந்த ஆப்பிளின் உள் மின்னஞ்சல்களில், ஐமெசேஜை (அந்த நீலக் குமிழிச் சேவையை) ஆண்ட்ராய்டுக்குக் கொடுத்தால் ஐஃபோன் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கித் தருவதில் இருக்கும் தடை நீங்கிவிடும் என்று ஆப்பிளின் மென்பொருள் பிரிவுத் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி எழுதியிருக்கிறார். 2022-இல் ஒருவர், என் அம்மாவுக்குக் காணொளி சரியாகப் போவதில்லை என்று ஆப்பிள் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக்கிடமே மேடையில் கேட்டார். அம்மாவுக்கு ஐஃபோன் வாங்கிக் கொடுங்கள் என்றார் குக். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அந்த ஒரு பதிலில் எல்லாமே வந்துவிட்டது.

கூகுள் அதே வருடம், எல்லா ஃபோனுக்கும் பொதுவான ஆர்சிஎஸ் என்ற புதிய செய்தி முறையை ஏற்றுக்கொள் என்று ஆப்பிளை வெட்கப்படுத்தப் பிரசாரம் நடத்தியது. 2023 நவம்பரில் ஆப்பிள் ஒத்துக்கொண்டது, 2024 செப்டம்பரில் ஐஓஎஸ் 18-ஓடு வந்தது. படம் தெளிவாகப் போகிறது. குமிழி மட்டும் இன்னும் பச்சை.

#9 பழையபேட்டரி

குமிழி சொன்னதைப் படித்துவிட்டு என் கேள்வியை இன்னும் கூர்மையாகக் கேட்கிறேன். இவர்கள் நிஜமாகவே எதிரிகளா? 2012 ஆகஸ்டில் அமெரிக்க நடுவர் குழு, ஐஃபோனைக் காப்பியடித்ததற்காகச் சாம்சங் 105 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று சொன்னது (பிறகு குறைந்தது, 2018-இல்தான் சமரசம் ஆனது). அதே மாதம் ஐஃபோனின் சிப்பைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது யார்? சாம்சங். 2017-இல் ஐஃபோன் 10-க்கு ஓலெட் திரை கொடுத்தது யார்? சாம்சங். அதே நவம்பரில் அந்தத் திரையின் மேல் இருக்கும் வெட்டைப் போலவே தலைமுடி வெட்டிக்கொண்ட ஓர் ஆளைக் காட்டி ஐஃபோன்காரர்களைக் கிண்டல் செய்ததும் சாம்சங். ஐஃபோன் அதிகம் விற்றாலும் அவர்களுக்குக் காசு, விற்காவிட்டாலும் காசு. கூகுளோ, ஐஃபோனில் பயனர் மாற்றாதவரை தன் தேடலே இருப்பதற்காக 2022-இல் மட்டும் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது, ஏகபோக வழக்கில் வெளிவந்த கணக்கு இது. 1997-இல் மூழ்கிக்கொண்டிருந்த ஆப்பிளில் மைக்ரோசாஃப்ட் 15 கோடி டாலர் போட்டது. பாஸ்டன் மேடைத் திரையில் பில் கேட்ஸ் முகம் வந்ததும் ஆப்பிள் ரசிகர்கள் கத்திக் கூச்சல் போட்டார்கள். காசு கொடுக்க வந்தவனைப் பார்த்து! மேடைக்குப் பின்னால் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள், மேடைக்கு முன்னால் நாம் சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

#10 ஒற்றைக்கொம்பு

இது கொஞ்சம் அதிகப்படி. ஒருவரிடம் சரக்கு வாங்குவதால் போட்டி பொய் என்று ஆகாது. திரை பிரிவு வேறு, ஃபோன் பிரிவு வேறு, இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. பிம்பச் சண்டையால் நமக்கு லாபமே இல்லையா? தனியுரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரியில் லாஸ் வேகஸ் சிஇஎஸ் கண்காட்சியில் ஆப்பிள் கடை போடவே இல்லை. ஆனால் ஐஃபோனில் நடப்பது ஐஃபோனோடு இருக்கும் என்று ஒரு ராட்சசப் பலகையை அங்கே தொங்கவிட்டது. அப்போது எல்லாரும் வெறும் வசனம் என்றார்கள், நானும் சொன்னேன். 2021 ஏப்ரலில் ஐஓஎஸ் 14.5 வந்து, ஒரு செயலி உங்களை மற்ற இடங்களிலும் பின்தொடர வேண்டுமென்றால் உங்களிடம் கேட்டாக வேண்டும் என்றது. அதற்கு முன்பே, 2020 டிசம்பரில், இதை எதிர்த்து, சிறுவியாபாரிகளுக்காகப் போராடுகிறோம் என்று ஃபேஸ்புக் முழுப்பக்க விளம்பரங்கள் போட்டுப் பார்த்தது. 2022-க்கு இதனால் ஏறக்குறைய 1,000 கோடி டாலர் வருமானம் போகும் என்று மெட்டாவே (ஃபேஸ்புக் கம்பெனியின் புதிய பெயர்) சொன்னது. பலகையில் எழுதிவிட்டதால்தான் செய்தே தீர வேண்டிய நிலைக்கு வந்தார்கள் என்று நான் நினைக்கிறேன். வாய் வீரம் சில சமயம் வீரனையே கட்டிப்போடும்.

#11 விளம்பரக்காரன்

ஒற்றைக்கொம்பு சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன். மீதிப் பாதி, அதே தனியுரிமைக் கம்பெனிதான் மேலே சொன்ன 2,000 கோடியைத் தேடல் விளம்பரக் காசிலிருந்து வாங்கிக்கொள்கிறது. பலகையில் அது எழுதப்படவில்லை.

இன்னொன்று. செய்த பொருளை விற்பது போய், செய்யப்போகும் பொருளை விற்பது இப்போதைய செயற்கை நுண்ணறிவுப் போட்டியில் கூடிவிட்டது. 2023 டிசம்பரில் கூகுள் ஜெமினிக்காகப் போட்ட காணொளியில் ஒருவர் வரைய வரைய அது உடனுக்குடன் பேசுவது போல் இருந்தது. உண்மையில் நிழற்படங்களையும் எழுத்துக் கேள்விகளையும் கொடுத்து எடுத்து வெட்டி ஒட்டியது என்று பிறகு ஒப்புக்கொண்டார்கள். ஆப்பிள் தன் குரல் உதவியாளரான சிரியின் புதிய வடிவம் வந்துவிட்டதைப் போலவே விளம்பரம் ஓட்டியது, 2025 மார்ச்சில் அது தள்ளிப்போகிறது என்று சொல்லிவிட்டு விளம்பரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நோக்கியா வேனுக்குள் ஆளை ஒளித்து வைத்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் கண்ணாடியில் தெரிந்து தொலைந்தது, அவ்வளவுதான்.

#12 சிப்பிமுத்து

என் பழைய ஃபோன் ஒன்று (எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், சொன்னால் இந்த இழை நாறிவிடும்) ஒரு மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு நத்தையாகிவிட்டது. அந்தக் கடுப்பில் தேடிப் படித்தது இது. ஐஃபோனில் பேட்டரி பழசானால் வேகத்தைக் குறைக்கிறோம் என்று ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. 2018 மே மாதம் சாம்சங் ஒரு விளம்பரம் போட்டது, பழைய ஐஃபோனை வைத்துக்கொண்டு ஒரு பெண் படாத பாடு படுவதாக. அதே வருடம் அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் புதுப்பிப்புகளால் ஃபோன் மந்தமானதற்காக அபராதம் போட்டது. ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ. சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ. ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே குற்றச்சாட்டில், இரண்டு பேருக்கும்.

#13 ஒற்றைக்கொம்பு

சிப்பிமுத்து, ஆப்பிளுக்கு இரட்டிப்பு என்பதைக் கவனிக்கவும்.

#14 சிப்பிமுத்து

பார்த்தீர்களா, அபராதத்தில்கூட யார் முதலிடம் என்று பார்க்கிறார். ஒற்றைக்கொம்பு, உங்களை வைத்து ஆராய்ச்சியே செய்யலாம். கோபிக்க வேண்டாம், நானும் அப்படித்தான். பெரிய தொகை கொடுத்து வாங்கியபிறகு, தப்பான பொருளை வாங்கிவிட்டோம் என்று ஒத்துக்கொள்ள மனசு வராது, அதனால் வாங்காத பொருளில் குறை தேடுகிறோம்.

#15 குமிழி

காசு கொடுக்காத வயதில் அது இன்னும் மோசம். 1990 வாக்கில் வீடியோ கேம் கம்பெனியான சேகா, போட்டிக் கம்பெனி நின்டெண்டோவின் பெயரையே முறுக்கி, அவர்கள் செய்யாததை நாங்கள் செய்வோம் என்று விளம்பரம் போட்டது. எங்கள் வீட்டில் சேகா, எதிர்வீட்டில் நின்டெண்டோ. அந்தப் பெட்டிகளை வாங்கித் தந்தது அப்பாக்கள், மூக்கில் குத்து வாங்கியது நாங்கள். எனக்கு நீல முள்ளெலி சோனிக் என்றால் உயிர். மீசைக்காரர் மாரியோ எதிரி. 2001 ஜனவரியில் சேகா இனி விளையாட்டுப் பெட்டிகளே செய்யப்போவதில்லை என்று அறிவித்தது. அந்த வருடக் கடைசியில் சோனிக் நின்டெண்டோவின் கேம்கியூபில் ஓடியது. 2007-இல் மாரியோவும் சோனிக்கும் சேர்ந்து ஒலிம்பிக் விளையாட்டு என்று ஓர் ஆட்டமே வந்தது, அட்டையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்.

#16 சும்மாவந்தேன்

அதை வாங்கினீர்களா?

#17 குமிழி

நான் வாங்கவில்லை. எதிர்வீட்டுக்காரன்தான் வாங்கி அனுப்பினான். பெட்டி இன்னும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.